மங்கிய படம் துலங்கிய கதை

கைப்பேசியில் எடுத்த படம் இருட்டாக வந்தால் இன்று யாரும் கவலைப்படுவதில்லை. ‘எடிட்’ என்பதைத் தட்டி, வெளிச்சத்துக்கான கோட்டை வலப்பக்கம் கொஞ்சம் இழுத்து, காண்ட்ராஸ்டைக் கூட்டி, ஷார்ப்னஸை ஒரு பிடி ஏற்றினால் முகம் தெளிந்துவிடும். கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோக்காரர்களுக்கு இதுதான் பிழைப்பு. இந்தச் சின்னக் கோடுகளுக்குப் பின்னால் சீனத்துத் தாள், மாட்டு வண்டியில் ஊர் சுற்றிய ஆங்கிலேயக் கேப்டன், கப்பலில் படிக்கப்பட்ட ஒரு கணக்குப் பத்திரிகை, நிலவில் மோதி நொறுங்கிய விண்கலம் என்று ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் பாதியைச் சந்திக்கப் புதுக்கோட்டை மாவட்டத்தைவிட்டு அதிகம் நகர வேண்டியதில்லை.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கிறது சித்தன்னவாசல். அங்கே மலையைக் குடைந்து சமணர்கள் அமைத்த அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. மீன்களும் யானைகளும் எருமைகளும் அன்னங்களும் பூப்பறிக்கும் மனிதர்களும் அதில் உண்டு. தூண்களில் ஆடல் மகளிர் இருக்கிறார்கள். இருக்கிறார்கள் என்று சொன்னால் நம்ப வேண்டும். முதல் பார்வையில் கண்ணுக்குப் படுவது கறையும் காவியும் உதிர்ந்த சுண்ணாம்பும்தான். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம் அது. குடைவரை அதற்கும் முந்தையது. ஓவியத்தில் பழைய அடுக்கு ஒன்றும் புதிய அடுக்கு ஒன்றும் உண்டு என்று ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். மங்கிய படத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு மனிதர்கள் கண்ட மிகப் பழைய விடை இதுதான்: மேலே புதிதாக ஒன்றைத் தீட்டிவிடுவது. தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியத்தின் மேல் நாயக்கர் காலத்தவர் தீட்டியதும் அதே விடைதான். கீழே சோழர் படம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு சொல்லும்வரை யாருக்கும் அது தெரியாது.

இன்னொரு விடையைச் சீனர்கள் கண்டார்கள். தேய்ந்த கல்லெழுத்தின் மேல் ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, காய்கிற பக்குவத்தில் மைப்பந்தால் ஒற்றினார்கள். மேடெல்லாம் கறுத்தது, எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. மூலத்தைத் தொட்டாலும் மாற்றாத வேலை இது. கல்லில் சாம்பலுக்கும் சாம்பலுக்குமான வித்தியாசமாக மங்கிக் கிடந்ததைக் கறுப்புக்கும் வெள்ளைக்குமான வித்தியாசமாக இழுத்துவிடுகிறது. நம் கைப்பேசியின் காண்ட்ராஸ்ட் கோடு செய்வதும் இதைத்தான். தாங் பேரரசர் தைசோங் வெந்நீர் ஊற்று ஒன்றைப் பற்றிப் பொறித்த கல்வெட்டின் படி ஒன்று துன்ஹுவாங் குகையில் கிடைத்து, இப்போது பாரிஸில் இருக்கிறது. அதில் 653ஆம் ஆண்டுக் குறிப்பு உள்ளது. கல் எப்போதோ காணாமல் போய்விட்டது, தாள் இருக்கிறது. இந்த முறை இந்தியக் கல்வெட்டுத் துறையின் அன்றாட வேலையாக மாற ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் கேமரா முந்திக்கொண்டது.

கேமராவைப் புதுக்கோட்டைப் பக்கம் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1857இன் இறுதியில் பெங்களூரிலிருந்து கிளம்பி, சீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்திருந்த நேரத்தில் இந்த மனிதர் மெழுகு பூசிய தாளில் நெகடிவ் எடுத்துக்கொண்டிருந்தார். ‘பூதுகோட்டா’ என்று பெயரிட்ட ஆல்பம் 1858இல் வெளிவந்தது.

டிரைப்புக்கு ஒரு தொல்லை இருந்தது: வானம். அந்தக் காலத்துப் புகைப்படத் தாள் நீல ஒளிக்கு மட்டும் அபாரமாகப் பதறும். கோபுரம் சரியாகப் பதிவதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெளுப்பாகவோ திட்டுத் திட்டாகவோ வரும். டிரைப் நெகடிவின் பின்பக்கம் வண்ணத்தைத் தடவி வானத்தைச் சமன்செய்தார். மேகங்களை வரைந்தார். சில இடங்களில் இலை தழைகளையும் தொட்டு நிறைத்தார். அவர் எடுத்த தென்னிந்தியப் படங்களில் அழகாகத் திரண்டு நிற்கும் மேகங்களில் பல, வானத்தில் அன்று இருந்தவை அல்ல. நெகடிவில் தூரிகையோடு உட்காருவதை ராணுவக் கண்டிப்புடன் செய்தவர் அவர். படம் எடுக்கும் வேலையில் பாதி அதுதான் என்று நினைத்திருப்பார் போலும். பிற்காலத்தில் நம்மூர் ஸ்டூடியோக்களில் நெகடிவின் மேல் பென்சிலைத் தீட்டி, அம்மைத் தழும்பை மறைத்து, மாப்பிள்ளையின் கன்னத்தை வழுவழுப்பாக்கிய ‘டச்சிங்’ கலைஞர்கள் எல்லாருக்கும் அவர் மூத்தவர்.

அதே ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் இன்னொன்றும் செய்தார். விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று கைப்பேசியைக் கையில் பிடித்து உடம்பைச் சுழற்றி நாம் எடுக்கும் பனோரமாவைக் கத்திரியாலும் பசையாலும் எடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவுக்கும் ஆகிற செலவைக் கண்டு ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் திட்டத்தையே மூடிவிட்டார். 1860க்குப் பிறகு டிரைப் பெரிதாக ஒன்றும் எடுக்கவில்லை.

அஜந்தாவில் நடந்தது இதைவிடச் சோகம். மேஜர் ராபர்ட் கில் பல ஆண்டுகள் குகைகளில் கிடந்து எழுதிய எண்ணெய் வண்ணப் படிகளில் பெரும்பாலானவை 1866இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் எரிந்தன. பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் 1872 முதல் மாணவர்களோடு மறுபடி தொடங்கினார். அந்தப் படிகளில் பலவும் 1885இல் தென் கென்சிங்டனில் தீக்கிரையாயின. படியெடுக்க வசதியாக நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சுவரில் வார்னிஷ் பூசினார்கள். பூசிய அன்று பளிச்சென்றுதான் இருந்தது. பிறகு வார்னிஷ் பழுத்து, வெடித்து, அடியில் இருந்த ஓவியத்தையும் கெடுத்தது. படிகள் எரிந்தன, மூலமும் மங்கியது. மங்கிய படத்தைத் துலக்கப்போய்க் கெடுத்த கதைகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

இனி மறுபடி புதுக்கோட்டைச் சீமை. 1904இல் கல்வெட்டறிஞர் எச். கிருஷ்ண சாஸ்திரி குடுமியான்மலையில் ஒரு பாறைச் சரிவைக் கண்டார். மேலைக்கோயில் குடைவரையை ஒட்டி, ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்பில், பல்லவ கிரந்தத்தில் பொறித்த ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு அது. துன்ஹுவாங் தாளும் குடுமியான்மலைக் கல்லும் ஒரே நூற்றாண்டுப் பிள்ளைகள். ஏழு பகுதிகளாகச் சுர வரிசைகள். ச, ரி, க என்பவை உயிரெழுத்து மாறி மாறி வருகின்றன. சில எழுத்துகளின் தலையில் புள்ளிகள். மைப்படி எடுத்து, பி. ஆர். பண்டார்கர் படித்து, ‘எபிகிராஃபியா இண்டிகா’வின் 12ஆம் தொகுதியில் வெளியிட்டார்.

அந்தப் புள்ளிகளிடம் கொஞ்சம் நின்றுபோக வேண்டும். கருங்கல்லில் உளி பதித்த புள்ளிக்கும், ஆயிரம் மழையும் வெயிலும் பறித்த பொத்தலுக்கும் மைப்படியில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டும் வெள்ளையாகத்தான் விழும். சாதாரணக் கல்வெட்டு என்றால் படிப்பவர் பொருளைக் கொண்டு ஊகித்துக்கொள்வார். இது சுரம், புள்ளி ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பாட்டே வேறாகலாம். மாறுபாட்டைக் கூட்டும் எந்த முறையும் வேண்டியதைக் கூட்டும்போது வேண்டாததையும் சேர்த்தே கூட்டுகிறது. மைப்பந்து முதல் மென்பொருள் வரை இந்தக் குணம் மாறவே இல்லை.

சித்தன்னவாசல் ஓவியங்கள் உலகுக்குத் தெரிந்த விதமும் ஒரு கைமாற்றுக் கதைதான். புதுக்கோட்டை வரலாற்றை 1916இல் எழுதிய எஸ். ராதாகிருஷ்ண ஐயர் கோயிலைக் குறிப்பிட்டார். சிற்பநூல் அறிஞர் டி. ஏ. கோபிநாத ராவ் ஓவியங்களைக் கவனித்தார். புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ரேயிலுக்குச் செய்தி போயிற்று; 1920இல் அவர் இதைப் பல்லவர் ஓவியம் என்று எழுதி உலகறியச் செய்தார். இளங்கௌதமன் கல்வெட்டு வெளிப்பட்ட பிறகுதான் பாண்டியர் பங்கு தெரியவந்தது. 1930களின் இறுதியில் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் பூச்சையும் நிறங்களையும் ஆராய்ந்தார். சுண்ணாம்புப் பூச்சு காய்ந்த பிறகு தீட்டிய ஓவியம் என்பது அவர் முடிவு. சுவரைத் துப்புரவு செய்த பிறகு முன்பு தெரியாதவை சில தெரிந்தன. வேதியியல் செய்யக்கூடியது அவ்வளவுதான். உதிர்ந்துபோன நிறத்தை அது திரும்பக் கொண்டுவராது. மிச்சம் இருக்கும் நிறத்துக்கும் வெறும் சுவருக்கும் இடையே கண்ணுக்கு எட்டாத வித்தியாசம் இருந்தால், அதை எட்டவைப்பது கணக்கின் வேலை.

அந்தக் கணக்கு இதே காலத்தில் கல்கத்தாவில் உருவாகிக்கொண்டிருந்தது என்றால் நம்புவது சிரமம். 1901இல் லண்டனில் கார்ல் பியர்சன் ஒரு கட்டுரை எழுதினார். சிதறிக் கிடக்கும் அளவுகளுக்கு நடுவே அவை அதிகமாக நீண்டு கிடக்கும் திசையைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது அதன் விஷயம். அவர் நடத்திய பத்திரிகை ‘பயோமெட்ரிகா’. 1915இல் கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்து ஊர் திரும்பவிருந்த பி. சி. மஹலனோபிஸ் கையில் அது தற்செயலாக அகப்பட்டது. தொகுதிகளை வாங்கிக்கொண்டு கப்பலேறி, வழியெல்லாம் படித்தார். கல்கத்தாவில் மனிதர்களின் உடல் அளவுகளை ஒப்பிடத் தொடங்கினார். உயரம் கூடினால் கையும் நீளும், தலையும் பெருக்கும். அளவுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் போகின்றன. அந்தக் கைகோப்பைக் கழித்துவிட்டு இரண்டு கூட்டத்துக்கும் உள்ள உண்மையான தூரத்தை அளக்க 1936இல் அவர் ஒரு சூத்திரம் தந்தார். இன்றும் அதற்கு மஹலனோபிஸ் தூரம் என்றுதான் பெயர். இடையில் 1933இல் அமெரிக்காவின் ஹெரால்ட் ஹோட்டலிங், மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்துப் பியர்சனின் யோசனையை முழுமையாக வளர்த்திருந்தார். உடல் அளவும் மதிப்பெண்ணும் ஓவியத்துக்கு என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

படத்தைக் கணக்கில் போட முதலில் அதை எண்ணாக்க வேண்டும். அந்த வேலை தந்திக்காரர்களிடம் தொடங்கியது. பத்திரிகைப் படம் ஒன்று லண்டனிலிருந்து நியூயார்க் போகக் கப்பலில் ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். 1920களின் தொடக்கத்தில் பார்த்தோலோமியூ, மெக்ஃபார்லேன் என்ற இருவர், படத்தை ஐந்து அளவு கறுப்பு வெளுப்புகளாகப் பிரித்து நாடாவில் துளையிட்டு, கடலடித் தந்தி வழியாக மூன்று மணி நேரத்துக்குள் அனுப்பினார்கள். 1929இல் ஐந்து பதினைந்தானது. செய்தி வியாபாரத்தின் அவசரத்துக்காகப் பிறந்த முறை.

இருட்டறைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1930களில் ஜெர்மன் நிபுணர்கள் ஒரு வினோதத்தைக் கையாண்டார்கள். நெகடிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான ஒரு பாசிடிவ் செய்து, இரண்டையும் சேர்த்து வைத்து அச்சிட்டார்கள். மங்கல் மங்கலோடு கழிந்து விளிம்புகள் கூர்மையாயின. தெளிவைப் பெற மங்கலைப் பயன்படுத்திய இந்தக் குசும்பு, இன்று ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற பெயரில் ஃபோட்டோஷாப்பில் இருக்கிறது. ஷார்ப்னஸைக் கூட்டும் மென்பொருளுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று குழம்பியவர்களுக்கு விடை இதுதான்.

1957இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் தன் மூன்று மாதக் குழந்தையின் படத்தைச் சுழலும் உருளையில் சுற்றிக் கணினிக்குள் அனுப்பினார். பக்கத்துக்கு 176 கட்டங்கள், மொத்தம் 30,976. அந்தக் கணினியின் நினைவகத்துக்கு அதற்கு மேல் தாங்காது. படக் கட்டம் சதுரமாக இருப்பதும் அன்று எடுத்த அவசர முடிவின் பலன்தான். கிர்ஷ் வயதான காலத்தில் அதற்காக வருத்தப்பட்டார்.

அதன் பிறகு கதை வானத்துக்குப் போகிறது. 1964 ஜூலை 31 அன்று ரேஞ்சர் 7 விண்கலம் நிலவில் போய் மோதியது. மோதவே அனுப்பப்பட்டது அது. விழும்போதே நான்காயிரத்துக்கு மேற்பட்ட படங்களை அனுப்பியது. கலிஃபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் ராபர்ட் நேதன் அந்தத் தொலைக்காட்சிப் படங்களின் கோணலையும் இரைச்சலையும் கணினியால் நீக்கினார். கணினிப் படச் செம்மையாக்கம் தனித் துறையாகக் கிளைத்தது அங்கேதான். நேதனும் சகாக்களும் அதே உத்திகளைப் பிறகு மருத்துவ எக்ஸ்ரே படங்களிலும் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு மாரினர் 4 செவ்வாயைக் கடந்து போனபோது நடந்தது எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். ஒரு படம் பூமிக்கு வந்துசேரவே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கணினி அதைப் படமாக்கித் தரும்வரை பொறியாளர்களுக்குப் பொறுமையில்லை. வந்த எண்களை நாடாக்களில் அச்சிட்டு, பலகையில் வரிசையாக ஒட்டி, கடையில் வாங்கிய வண்ணச் சுண்ணக்கோல்களால் எண்ணுக்கு ஒரு நிறமாகக் கையாலேயே தீட்டினார்கள். மனிதகுலம் கண்ட செவ்வாயின் முதல் தொலைக்காட்சிப் படம் இப்படிக் கையால் தீட்டியது. இளங்கௌதமன் காலத்து ஓவியர்கள் பார்த்திருந்தால் தங்கள் வேலைதானே என்றிருப்பார்கள்.

மஹலனோபிஸின் கணக்கு இங்கேதான் திரும்பி வருகிறது. அதே ஆய்வகத்தில் ஆலன் கில்லெஸ்பி, ஆன் கேல், ரிச்சர்ட் வாக்கர் ஆகியோர் விமானத்திலிருந்து ‘மரணப் பள்ளத்தாக்கு’ப் பாலைவனத்தின் வெப்பப் படங்களை எடுத்தார்கள். எந்தப் பாறை எது என்று பிரிக்க வேண்டும். ஆனால் எந்த அலைவரிசையில் பார்த்தாலும் படம் ஒன்றுபோலவே இருந்தது. சூடான இடம் எல்லாவற்றிலும் பிரகாசம், குளிர்ந்த இடம் எல்லாவற்றிலும் இருட்டு. தவில் முழக்கத்தில் ஒத்து காதில் விழாமல் போவதுபோல், வெப்பத்தின் பெரிய ஏற்றத்தாழ்வில் பாறைகளின் சின்ன வித்தியாசம் முங்கிப்போயிருந்தது. அவர்கள் அளவுகளை அவை நீண்டு கிடக்கும் திசைப்படி திருப்பி, கைகோப்பை அவிழ்த்து, ஒவ்வொரு திசையையும் சம அளவுக்கு இழுத்து, பழையபடி நிறமாக மாற்றினார்கள். மஹலனோபிஸ் தூரம் என்று கல்கத்தாவில் அளந்தது எதுவோ, அது இந்தப் புதிய படத்தில் கண்ணால் பார்க்கும் நிற வித்தியாசமாகிவிடுகிறது. 1986இல் அவர்கள் எழுதிய கட்டுரை செயற்கைக்கோள் துறையில் பரவியது. இரண்டு ஆண்டு கழித்து, 1988 மார்ச் 17 அன்று, இந்தியா தன் முதல் முழுமையான தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐஆர்எஸ்-1ஏவை பைக்கோனூரிலிருந்து ஏவியது. வயலைச் சிவப்பாகவும் கண்மாய் நீரைக் கறுப்பாகவும் காட்டும் அந்தப் பொய்நிறப் படங்களுக்கும் இப்படி இழுத்துத் துலக்கும் கணக்குதான் கைகொடுத்தது.

வியாபாரம் நுழையும் கட்டம் அடுத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படச் செம்மையாக்கத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த தாமஸ் நோல், ஆய்வேட்டை எழுதும் சலிப்பில் ஒரு நிரல் எழுதினார். தம்பி ஜான், திரைப்படத் தந்திரக் காட்சிகள் செய்யும் நிறுவனத்தில் இருந்தவர், விற்கலாம் என்றார். 1990இல் அடோபி அதை ஃபோட்டோஷாப்பாக வெளியிட்டது. இருட்டறையின் உத்திகள் ஒவ்வொன்றும் அதில் பட்டனாயிற்று. நம் ஊர் ஸ்டூடியோவில் டச்சிங் பென்சில் மேசை இழுப்பறைக்குள் போனது. இறந்துபோன தாத்தாவின் குழுப்படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, சட்டை மாற்றி, பெரிதாக்கி, மாலை போடத் தயாராகத் தரும் தொழில் வளர்ந்தது. நல்ல தொழில்தான். தாத்தாவுக்குக் கோட்டு மாட்டிவிட்டவர்களும் உண்டு.

வியாபாரம் ஒரு பக்கம் என்றால் இலவசம் இன்னொரு பக்கம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் வேய்ன் ராஸ்பண்ட் நுண்ணோக்கிப் படங்களுக்காக எழுதிய ‘இமேஜ்ஜே’ என்ற மென்பொருள் 1997இல் வந்தது. யார் வேண்டுமானாலும் அதில் தன் துணைநிரலைச் செருகிக்கொள்ளலாம். ஜான் ஹார்மன் என்ற கணிதக்காரர் செருகினார். அவருக்குப் பாறை ஓவியங்களில் பித்து. பாறையில் காவி மங்கிக் கிடப்பதும் பாலைவனத்தில் பாறை வகைகள் முங்கிக் கிடப்பதும் ஒரே சிக்கல் என்று அவருக்குப் பட்டது. செவ்வாய்க்கும் செயற்கைக்கோளுக்கும் போன கணக்கைத் தரைக்கு இறக்கி, காவிக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என்று நிறவெளிகளை வகுத்தார். ‘டிஸ்ட்ரெட்ச்’ என்று பெயர். 2005இல் அமெரிக்கப் பாறை ஓவிய ஆய்வாளர் கூட்டத்தில் அதைக் காட்டினார். வெறும் பாறை என்று நினைத்த படத்தில் மான்களும் மனிதர்களும் ஊதாவும் சிவப்புமாக எழுந்து வந்தார்கள்.

நோயெல் ஹிடால்கோ டான் என்ற ஆய்வாளர் அங்கோர்வாட் சுவர்களில் 2010இல் சிவப்புத் தீற்றல்களைப் பார்த்தார். படமெடுத்து இந்தக் கணக்கில் போட்டால் யானை, சிங்கம், படகு, கட்டடங்கள், வாத்தியக் குழு. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கடந்துபோகும் சுவர்களில் இருநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருப்பதாக 2014இல் அறிவித்தார். அதே வழி தமிழ்நாட்டுக்கும் வந்தது. பாறை ஓவியம் தேடி மலையேறுகிறவர்கள் இப்போது கைப்பேசியிலேயே இதைப் போட்டுப் பார்க்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம் கோட்டைப் பாறையில் பழங்கால ஓவியங்கள் இருப்பது அண்மைக் காலத்தில்தான் வெளியே தெரிந்தது. நூற்றாண்டுகளாகக் கோட்டைக்கு வந்துபோனவர்கள் அத்தனை பேர் கண்ணுக்கும் அது பாறைக்கறை.

குடுமியான்மலைப் புள்ளிக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. எச்பி ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் 2001இல் காட்டிய முறை அது: கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் பல கோணங்களில் வைத்துப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக்கிவிட்டால், பிறகு திரையில் வெளிச்சத்தை எந்தப் பக்கமிருந்தும் அடித்துப் பார்க்கலாம். பழைய கிரேக்க வானியல் கருவியான ஆன்டிகித்தெராவின் எழுத்துகளைப் படிக்கவும் இது உதவியது. உளி இறங்கிய பள்ளத்துக்கு ஒரு நிழல். கல் தானாக உதிர்ந்த பொத்தலுக்கு வேறொரு நிழல். மைப்பந்துக்குத் தெரியாத வித்தியாசம் இங்கே தெரிய வாய்ப்பு உண்டு.

இந்த இடத்தில் கதை பழைய டிரைப்பிடம் திரும்புகிறது. அவர் செய்த இரண்டு வேலைகள் இரண்டு பரம்பரையாகிவிட்டன. கல்வெட்டை 21 துண்டாக எடுத்து ஒட்டியவர் ஒருவர். இல்லாத மேகத்தை வரைந்தவர் இன்னொருவர். முதலாமவர் வழியில் ஹார்மன் வருகிறார். இழுப்பது மட்டும் அவர் வேலை; படத்தில் ஒரு கட்டமும் புதிதாகச் சேர்வதில்லை. ஆனாலும் பாசியும் இரும்புக் கறையும் காவிபோல் எழுந்து ஏமாற்றும், ஜேபெக் சுருக்கத்தின் கட்டங்கள் ஓவியம்போல் தோன்றும். இரண்டாமவர் வழியில் இன்றைய செயற்கை நுண்ணறிவு வருகிறது. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஒரு நிரல், கட்டம் கட்டமாக மங்கிய ஒபாமாவின் படத்தைத் துலக்கி ஒரு வெள்ளைக்காரர் முகத்தைத் தந்தது. அது கற்றுக்கொண்ட முகங்களில் அப்படிப்பட்டவைதான் அதிகம் என்பது விமர்சகர்கள் சொன்ன காரணம். 2023இல் ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கித் திரையில் வைத்து, பிரபல நிறுவனமொன்றின் கைப்பேசியால் படமெடுத்தார். மங்கலில் இல்லாத பள்ளங்களைக் கைப்பேசி தானே போட்டுக்கொடுத்தது. நிலவின் பள்ளங்களை நெருங்கிக் காண ரேஞ்சர் 7 அங்கே போய் மோதி நொறுங்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

சித்தன்னவாசல் ஆடல்மகளின் உதிர்ந்த விரல்களை இந்த நிரல்களில் ஒன்று நொடியில் வரைந்து தந்துவிடும். அழகாகவே இருக்கும். அதைச் சுவரொட்டியில் போடலாம், திரைப்படத்தில் காட்டலாம். சான்று என்று ஆய்வுக் கட்டுரையில் வைக்க முடியாது. எது இழுத்தது, எது சேர்த்தது என்று படத்தின் கீழே ஒரு வரி எழுதிவைப்பது இனிமேல் அச்சிடுகிறவர்களின் கடமை என்று நினைக்கிறேன்.

புதுக்கோட்டைக்காரர்களிடமும், இந்தப் பக்கம் மலை பார்க்க வருகிறவர்களிடமும் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. பாறையில் காவித் தீற்றல் கண்ணில் பட்டால், தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிக்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம், சாக்பீஸால் கோடு போட வேண்டாம். முன்பு அப்படித்தான் படமெடுத்தார்கள். அதில் அழிந்த ஓவியங்கள் உண்டு. கைப்பேசியில் முடிந்தால் ரா கோப்பாக, ஒரு அளவுகோலோ நாணயமோ அருகில் வைத்து எடுங்கள். மெருகேற்றாத மூலத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இருந்துவரும் அரசு அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்லுங்கள். துலக்குவதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.